வால் வெட்டிய குதிரை

சாரிபுலாக்
அக்டோபர் 6, 2004

கடைக்குட்டிக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. கேட்கவும் இல்லை.

குதிரை எங்கே?

நேற்று முன்தினம் நான் ஓடைப்பக்கம் ஆடுகளைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்து போயிருக்கிறாய். பக்கத்துக் கூடாரத்து கான்ஷயிம் வந்து, "ஏண்டி, உன் கொழுந்தன் செங்குதிரைய இழுத்துட்டுப் போறானே, நீதான் குடுத்தனுப்பினியா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். உன் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறேன்.

உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுத்தில் இருந்தால் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது அல்லவா? உன் அண்ணன் மண்ணுக்குப் போன அன்று அந்தக் குதிரையின் வாலையும் பிடரியையும் என் கையால் வெட்டினேன். அன்றிலிருந்து அது அவருடையது. யாரும் ஏறக்கூடாது, யாரும் சுமை ஏற்றக்கூடாது. கோடை மேய்ச்சலுக்கு இடம் மாறியபோது சேணத்தைத் திருப்பிப் போட்டு, மேலே அவர் கோட்டை விரித்து, நானே கயிற்றைப் பிடித்து நடந்தேன். வருடம் திரும்பும் நாளில் அதை அறுத்து ஊருக்கு விருந்து வைத்தால்தான் அவர் அங்கே நடந்து அலையாமல் ஏறிப் போவார். இங்கே நானும் ஒப்பாரியை நிறுத்தலாம். விடிந்தால் ஒன்று, பொழுது சாய்ந்தால் ஒன்று என்று பதினோரு மாதம் பாடி என் தொண்டை தகரமாகிவிட்டது. அக்டோபர் 29. இன்னும் இருபத்துமூன்று நாள்.

போன வருடம் அவர் போனபோதும் நீ வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மலையில் இருந்தாய். கபுறில் ஒரு பிடி மண் போட நீ வரவில்லை. அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். குதிரையை நீயே கொண்டுவா.

மக்பால்

*

கராஅசு கணவாய் அடிவாரம்
அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு ஸலாம்.

லாரிக்காரர் உங்கள் கடிதத்தை என்னிடம் நீட்டும்போதே, "தம்பி, உக்காந்து படி" என்றார். அவருக்கே தெரிந்திருக்கிறது.

தப்புதான் அண்ணி. கேட்டால் கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. என் சாம்பல் பெட்டைக்குக் கால் நொண்டி. கழுகுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் ஓல்கி நகரில் இருந்த வாடகைக் குதிரை அத்தனையையும் எடுத்துக்கொண்டுவிட்டது. என்னிடம் வந்திருப்பது இரண்டே பேர். வெர்னர் என்று ஒரு ஜெர்மானியப் பெரியவர், அறுபத்தேழு வயது. கூட அவர் மகள் யூட்டா. கோக்கோல் ஏரியைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்கிறார். தினமும் காலையில் கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை ரஷ்ய மொழியில், "இன்னைக்கு வானம் என்ன சொல்லுது தலப்கான்?" என்று கேட்பார். நல்ல மனிதர்.

செங்குதிரையின் மேல் சுமை மட்டும்தான் வைத்திருக்கிறேன். ஒரு கூடாரம், ஓர் அரிசி மூட்டை. மனிதர் யாரும் ஏறவில்லை, சத்தியம். இருபதாம் தேதிக்குள் அதைச் சாரிபுலாக்கில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். அதன் பிறகும் விருந்துக்கு ஒன்பது நாள் இருக்கும்.

இங்கே கடைசி வீடு வேட்டைக்காரர் தாகெயுடையது. "வானத்தோட மூஞ்சி சரியில்ல. உன் விருந்தாளிங்களுக்கு நாலு ஓநாய்த் தடத்தக் காட்டி இப்படியே திருப்பிக் கூட்டிட்டுப் போ" என்கிறார். நான் பிறந்ததிலிருந்து அவருக்கு வானத்தின் மூஞ்சி சரியாக இருந்ததே கிடையாது. நாளைக் காலை கணவாயைத் தாண்டுகிறோம்.

மண் போட வராததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இன்று என்னால் பதில் எழுத முடியவில்லை.

உங்கள் கொழுந்தன்
தலப்கான்

*

சாரிபுலாக்
அக்டோபர் 12

கடைக்குட்டிக்கு,

பொய்.

கம்பளி வாங்க வந்தவர் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, என் தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "வழியில ஒரு வெள்ளைக்காரப் பொண்ணப் பார்த்தேன். வால் கத்தரிச்ச குதிரை மேல ஜம்முனு உக்காந்து போட்டோ எடுக்குது. அது யாரு வீட்டுத் துக்கக் குதிரையோ பாவம்!" எதிரே பெரிய மாமனார் இருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். 

கம்பளிக்காரர் போன பிறகு அவர் சொன்னது இது: "குதிரை இல்லாம விருந்து கெடையாது. வெறும் ஆட்ட அறுத்து எம்புள்ளைய நடக்க வைக்கப் போறியா? அது வர்லேன்னா இன்னொரு வருஷம் உக்காரு."

இன்னொரு வருடம். எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு வருடமாகிறது. சிரித்தால் ஊர் திரும்பிப் பார்க்கிறது. நான் அவருக்காக அழுதது வேஷம் இல்லை, அது உனக்கும் தெரியும். ஆனால் அழுகைக்கும் ஒரு கடைசி நாள் வேண்டாமா? அந்த நாளைத்தான் நீ ஓட்டிக்கொண்டு போய்விட்டாய்.

நீ சத்தியம் என்று எழுதினால் அது பொய். இனி அப்படித்தான் படிப்பேன்.

இதைத் தாகெய் வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இறங்கி வந்ததும் படி. படித்துவிட்டு நேராக இங்கே வா.

மக்பால்

*

கோக்கோல், காலியாகக் கிடக்கும் குளிர்கால வீடு
அக்டோபர் 19

அண்ணி,

உங்கள் கடிதத்தைத் தாகெய் நேற்று கொண்டுவந்தார். காலில் பலகைகளைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் பனியில் சறுக்கி, எங்களைத் தேடி வந்தார். அவர் வராவிட்டால் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். யூட்டா ஏறினாள். முதல் நாளிலிருந்தே ஏறினாள். நான் எழுதியது பொய்.

பதினான்காம் தேதி புயல் பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. இந்த வீட்டை எட்டுவதற்குள் சுமைக்குதிரை அரிசியோடும் கூடாரத்தோடும் காற்றடித்த திசையில் போய்விட்டது. மற்ற மூன்றும் அன்று மாலையே அதன் பின்னால் போயின. செங்குதிரை மட்டும் இருக்கிறது. அதை மட்டும் ஆட்டுத்தொழுவத்துக்குள்ளே கட்டியிருந்தேன், உங்களுக்குப் பயந்து. அதற்கு ஏதாவது ஆனால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அதைக் கட்டினேன், மற்றவற்றை விட்டேன்.

பதினேழாம் தேதி வெர்னர் தண்ணீர் மொள்ளப் போய்ப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. சேணத்தின் பலகைகளைப் பிரித்து வைத்துக் கட்டியிருக்கிறேன். மனிதர் கத்தவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார், இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

கணவாயில் குதிரையின் மார்பு உயரத்துக்குப் பனி. ஒரு நாள் வெயிலடித்து உருகி மறுபடி உறைந்ததால் மேலே கண்ணாடி போல ஓடு. தாகெயைத் தவிர யாரும் தாண்ட முடியாது, அவராலும் ஆளைச் சுமந்துகொண்டு தாண்ட முடியாது. அவரிடம் இருந்த முயலையும் மாவையும் எங்களுக்கே கொடுத்துவிட்டார். வறட்டி நிறைய இருக்கிறது, அதனால் குளிரில் சாக மாட்டோம். தின்ன இரண்டு நாளைக்கு இருக்கிறது.

யாக்கு மாடுகளை ஓட்டிவந்து பனியை மிதிக்க வைத்தால் பாதை திறக்கும். ஊரில் சொல்லுங்கள். அதுவரை தாங்க வேண்டுமானால் ஒரே வழிதான். வெர்னருக்குக் குதிரைக்கறிச் சாறு வேண்டும். எலும்பு முறிந்தவனுக்கு நம் வீட்டில் வேறு என்ன கொடுப்போம்?

கத்தி என் இடுப்பில்தான் இருக்கிறது அண்ணி. ஆனால் ஒரு தடவை கேட்காமல் எடுத்துவிட்டேன். இரண்டாம் தடவை கேட்காமல் எடுக்க மாட்டேன். அறு என்று நீங்கள் ஒரு சொல் எழுதினால் போதும்.

சத்தியம் என்று எழுதப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

தலப்கான்

*

சாரிபுலாக்
அக்டோபர் 22

கடைக்குட்டிக்கு,

உன் கடிதம் தாகெய் வீட்டிலிருந்து லாரிக்காரர் கை மாறி இன்று வந்தது. மூன்று தடவை படித்தேன்.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று நான் சொல்லட்டுமா? குதிரை செத்துவிட்டது. கல்லில் விழுந்ததோ, ஓநாய் அடித்ததோ, அந்தப் பெண் ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் கொன்றாளோ. செத்ததற்குப் பிறகு என்னிடம் அனுமதி கேட்கிறாய். நான் சரி என்று எழுதிவிட்டால் நாளைக்குப் பெரிய மாமனாரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டி, "அண்ணிதான் அறுக்கச் சொன்னாங்க" என்பாய். பத்து வயதில் கண்ணாடி விளக்கை உடைத்துவிட்டு இதே மாதிரிதான் செய்தாய். அன்று உன் அண்ணன் உனக்காக அடி வாங்கினார்.

நாலு குதிரையும் ஓடிப்போக, இந்த ஒன்று மட்டும் நிற்கிறதாம். அதுவும் எனக்குப் பயந்தாம். கதை நன்றாக இருக்கிறது.

இங்கே பனி கணுக்கால் அளவு கூட இல்லை. யாக்குகள் மேல் மேய்ச்சலில் இருக்கின்றன. உன் வார்த்தையை நம்பி அவற்றைத் திரட்டிக்கொண்டு கிளம்ப நான் பைத்தியக்காரி இல்லை. விருந்துக்கு எண்பது பேரை அழைத்தாகிவிட்டது.

வேண்டாம். 29க்கு முன் அதன் மேல் கத்தி படக்கூடாது. பட்டால் நீ எனக்குக் கொழுந்தனும் இல்லை, கபுறில் இருப்பவருக்குத் தம்பியும் இல்லை.

ஒருவேளை பசி மட்டும் உண்மையாக இருந்தால் என்று ஒரு பை உலர்தயிர்க் கட்டி வைத்திருக்கிறேன்.

மக்பால்

*

கோக்கோல்
அக்டோபர் 25

அண்ணி,

உங்கள் பதில் வந்தது. சரி. அறுக்க மாட்டேன்.

நான் வேறென்ன செய்ய முடியும்? நான் உண்மை எழுதியபோது நீங்கள் நம்பவில்லை. உங்களை அப்படி ஆக்கியது நான்தான்.

தயிர்க்கட்டியை யூட்டாவும் நானும் சப்பிக்கொண்டிருக்கிறோம். வெர்னருக்குக் கடிக்க முடியவில்லை. வெந்நீரில் கரைத்துக் கொடுத்தால் வாந்தி எடுக்கிறார். கால் கருத்து வீங்கியிருக்கிறது, உடம்பு கொதிக்கிறது. காலையில் வானத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நேற்று யூட்டா என் எதிரே வந்து நின்றாள். அவள் முகம் இப்போது வெறும் கண்.

"குதிரை இருக்கு. கத்தி இருக்கு. ஏன் சும்மா உக்காந்திருக்கே?"

"அது என் அண்ணனோடது."

"உன் அண்ணன் எங்கே?"

"செத்துட்டாரு."

 "செத்தவருக்கு எதுக்கு?" என்றாள்.

 அவள் என் இடுப்பிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடி அவள் மணிக்கட்டை முறுக்கினேன். என்னை விடச் சின்னப் பெண்ணின் கையை முறுக்கினேன் அண்ணி. இரண்டு பேரும் பனியில் விழுந்தோம். உள்ளேயிருந்து வெர்னர், "விடு யூட்டா, விடு. அது அவங்க வீட்டு விஷயம்" என்று கத்தினார். அவள் கத்தியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். குதிரை எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றது. கூரையில் இருந்த பழைய வைக்கோலைப் பிடுங்கி அதற்குப் போட்டு வருகிறேன். எங்களில் வயிறு நிறைந்தது அது ஒன்றுக்குத்தான்.

சாயங்காலம் வெர்னர் அண்ணனைப் பற்றிக் கேட்டார். எப்படி இருப்பார், என்ன பிடிக்கும், எப்படிச் செத்தார் என்று. ஒரு வருடமாக என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் சொல்லாததையும் சொன்னேன். செய்தி வந்தபோது நான் ஒரே ஒரு நாள் தூரத்தில்தான் இருந்தேன். இறங்கி வந்தால் அவர் செத்தது உண்மையாகிவிடும் என்று இரண்டு நாள் மலையிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. வெர்னர் என் தலையில் கையை வைத்தார். அந்தக் கை நெருப்பாகச் சுட்டது.

தாகெயை இந்தத் தடவை வீட்டோடு நிற்காமல் நேராக உங்களிடமே போகச் சொல்லியிருக்கிறேன். என் எழுத்தை நம்ப வேண்டாம். அவர் வாயால் கேளுங்கள்.

தலப்கான்

*

சாரிபுலாக்
அக்டோபர் 27

அறு.

கிடைத்த நிமிடமே அறு. 29 வரை காத்திருக்காதே. துஆ ஓதத் தெரியாவிட்டால் பிஸ்மில்லா மட்டும் சொல்லி அறு. நெஞ்சுக்கொழுப்பைத் தனியே எடுத்து உருக்கிப் பெரியவருக்கு முதலில் சாறு கொடு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு.

தாகெய் வாசலில் நின்றபடியே கத்தினார். உட்கார மாட்டேன் என்றார், தேநீர் வேண்டாம் என்றார். "எம்மா, நீ மனுஷிதானா? அந்தக் கெழவர் கண்ணு குழிக்குள்ள போயிருச்சு. குதிரை முழுசா நிக்குது, உன் கொழுந்தன் அதுக்கு வைக்கோல் பொறுக்கிப் போடறான். நீ எழுதிட்டியாம், அறுக்கக் கூடாதாம்!" எண்பது பேர் விருந்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கேட்டார்கள்.

பெரிய மாமனார் எழுந்து வந்து, "நாளு வரட்டும், ரெண்டு நாள்தானே" என்றார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு எதிரே வாயைத் திறந்தேன். "அங்க உங்க புள்ள இருந்திருந்தா மொதல் நாளே அறுத்திருப்பாரு மாமா" என்றேன். அவர் யாக்குகளைத் திரட்டத் தன் மகன்களை அனுப்பினார்.

பத்தொன்பது யாக்கு. நானும் வருகிறேன். கணவாயை மிதித்துத் திறக்க மூன்று நாளோ நாலு நாளோ ஆகும். தாகெய் இப்போதே கிளம்புகிறார், அறுபத்தோரு வயதுக்காரர், இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

தம்பி, உன்னை நம்பாமல் போனேன். அறு.

மக்பால்

*

ஓல்கி
நவம்பர் 2

அண்ணிக்கு,

கணவாயில் உங்களைப் பார்த்தபோது பேசியிருக்க வேண்டும். உங்கள் இமையெல்லாம் பனி, கையில் யாக்கு ஓட்டும் கோல். நீங்களும் பேசவில்லை. குதிரையைப் பார்த்தீர்கள், அதன் மேல் கட்டியிருந்ததைப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. அடிவாரத்தில் அதிகாரிகள் காத்திருந்து என்னையும் யூட்டாவையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

வெர்னர் 28ஆம் தேதி விடியும்போது போய்விட்டார். உங்கள் கடிதம் 29 மதியம் வந்தது.

தாகெய் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே, "அறுடா! அறுடா!" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் வெளியே வந்து நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அறுக்கவில்லை. அறுக்கட்டுமா என்று யூட்டாவிடம் கேட்டேன். "இப்போ எனக்கு வேண்டாம்" என்றாள். தாகெய் கொண்டுவந்ததைத் தின்றோம். நீங்கள் பாதை திறந்ததும் வெர்னரைக் கம்பளத்தில் சுற்றிச் செங்குதிரையின் மேல் கட்டினேன். வேறு குதிரை இல்லை.

இங்கே வந்ததிலிருந்து விசாரிக்கிறார்கள். ஏன் அறுக்கவில்லை என்று கேட்கிறார்கள். நம் ஆள்தான் கேட்கிறார், அவருக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் எழுதத் தயங்கிப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கால் அழுகி ரத்தம் கெட்டதால் சாவு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். சாறு குடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "தெரியல தம்பி. ஆனா உடம்புல தெம்பு இருந்திருக்கும்" என்றார். அதற்கு மேல் கேட்கப் பயமாக இருந்தது.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. அதைவிட அதிகமாக என் மேல் இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொன்ன பேச்சைக் கேட்டு நடந்தேன், அது ஒரு மனிதரின் உயிருக்கு வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் நீங்கள் என்னைக் கடைசி வரை திட்டியிருப்பீர்கள். அவரும் ஊர் போய்ச் சேர்ந்து, கோக்கோல் ஏரியைப் பற்றி அளந்துகொண்டிருப்பார்.

விருந்தை நடத்துங்கள். குதிரை வந்துவிட்டது. என்னை விட மாட்டார்கள், விட்டாலும் வர முகம் இல்லை. யூட்டா இங்கே விடுதியில் என் பக்கத்து அறையில் இருக்கிறாள். பெட்டி தயாரானதும் அப்பாவைக் கொண்டுபோகிறாள், ஒரு வாரம் ஆகுமாம்.

தலப்கான்

*

சாரிபுலாக்
நவம்பர் 5

தம்பி,

நேற்று விருந்து முடிந்தது. தொண்ணூறு பேர் வந்தார்கள். பெரிய மாமனார்தான் அறுத்தார். குதிரை நன்றாகக் கொழுத்திருந்தது, நாலு அண்டா நிறைந்தது. எல்லாரும் அண்ணனை வாழ்த்தித் தின்றார்கள். பேச்சு வாக்கில் ஒருவர் கூட உன் பேரை எடுக்கவில்லை, அந்தப் பெரியவர் பேரையும் எடுக்கவில்லை.

எனக்கு முன்னால் ஒரு கிண்ணம் சாறு வைத்தார்கள். மேலே மஞ்சளாகக் கொழுப்பு மிதந்தது. குடிக்க வாய்க்குக் கொண்டுபோனேன். பதின்மூன்று நாளைக்கு முன்னால் ஒருவருக்காக நீ இதைக் கேட்டாய், நான் இல்லை என்று எழுதினேன் என்று நினைப்பு வந்தது. கிண்ணத்தைக் கான்ஷயிமிடம் கொடுத்துவிட்டேன். 

சாயங்காலம் பெரிய மாமனார் எல்லார் முன்னாலும், "மருமகளே, உன் துக்கம் முடிஞ்சுது. இனி நீ அழ வேண்டாம்" என்றார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். இந்த வார்த்தையைக் கேட்கத்தான் ஒரு வருடம் நாள் எண்ணினேன். இதற்காகத்தான் உன்னை அத்தனை பேச்சுப் பேசினேன்.

இன்று விடிந்ததும் பழக்கத்தில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் இனிப் பாட வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணனுக்காகப் பாட மிச்சம் ஒன்றும் இல்லை, எல்லாம் பாடிவிட்டேன். நான் கொன்றவருக்கு யார் பாடுவார்கள்? அவர்கள் ஊரில் அந்த வழக்கம் இருக்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் அவருக்காக ஒரு வருடம் உட்காரப் போகிறேன். யாரும் சொல்லவில்லை, பெரிய மாமனார் கேட்டால் சண்டைக்கு வருவார். வரட்டும்.

எனக்கு நீ ஓர் உதவி செய். யூட்டா ஊருக்குக் கிளம்புவதற்குள் அவளிடம் கேட்டு எழுதி அனுப்பு. அவருடைய தாய் தகப்பன் பேர் என்ன? எந்த ஊர், அந்த ஊரில் ஆறு உண்டா? என்ன வேலை செய்தார்? மனைவி இருக்கிறாரா, என்ன சொல்லிக் கூப்பிடுவார்? அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? அண்ணனைப் பற்றி நீ சொன்னபோது எந்த இடத்தில் சிரித்தார்? உன்னிடம் கடைசியாக என்ன பேசினார்? அவள் கோபத்தில் சொல்ல மறுத்தால் வற்புறுத்தாதே, அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் யார் கேட்கிறார்கள் என்று மறைக்காமல் சொல்.

இன்று காலை பாடிப் பார்த்தேன். வெர்னர் என்றேன். பசியோடு போனீர்களே என்றேன். அதற்கு மேல் எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

உன் அண்ணி
மக்பால்